பகிர்ந்து பயன்படுத்தும் நீர்த் தரவுத்தளம்: வெள்ள நாளுக்கு ஏற்பச் செயல்திறனைத் திட்டமிடுவது எப்படி

ஆற்று நீர்மட்டம், மழையளவு, அணை இருப்பு, நிலத்தடி நீர் ஆகியவற்றின் அளவீடுகளைப் பல துறைகள் ஒரே தரவுத்தளத்தில் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கும்போது, எவ்வளவு பெரிய சர்வர் வாங்குவது என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் எழுகிறது. அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். எந்தத் துறை, எந்த நேரத்தில், எதைக் கேட்கும், எத்தனை நொடிக்குள் விடை கிடைக்காவிட்டால் அதன் வேலை கெடும் என்பதை முதலில் எழுதி வைக்க வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு தரவு வந்து சேரும் என்ற வரவுக் கணக்கு. 500 நிலையங்கள், நிலையத்துக்கு 4 அளவீடுகள், 15 நிமிடத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்வோம். ஓர் அளவீட்டுக்கு நாளொன்றுக்கு 96 பதிவுகள். மொத்தத்தில் நாளுக்கு 1,92,000, ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கோடி. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தில், அளவீட்டு எண், நேரம், மதிப்பு, தரக் குறி ஆகியவை கொண்ட ஒரு பதிவு அதன் தலைப்புப் பகுதியையும் சேர்த்து 52 பைட் அளவில் இடம் பிடிக்கும். தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸோடு கூட்டினாலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 6 ஜிபிதான். சேமிப்பு வட்டில் இடம் போதாது என்ற அச்சம் கூட்டங்களில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டாலும், இடர்ப்பாடு பெரும்பாலும் அங்கே இல்லை.

இடர்ப்பாடு சராசரியில் ஒளிந்திருக்கிறது. மேற்கண்ட வரவை நாள் முழுதும் பரப்பினால் நொடிக்கு இரண்டு பதிவுகளுக்குச் சற்றே மேல். எந்தப் பழைய கணினியும் தாங்கும். ஆனால் எல்லா நிலையங்களின் கடிகாரங்களும் கால் மணிக்கு ஒத்துப்போவதால், 2,000 பதிவுகளும் சில நொடிகளுக்குள் வந்து குவியும். வெள்ள எச்சரிக்கை விடுக்கப்பட்டு, அளவீட்டு இடைவெளி 15 நிமிடத்திலிருந்து 1 நிமிடமாகக் குறைக்கப்பட்டால், வரவு 15 மடங்காகி நாளொன்றுக்கு 28,80,000 பதிவுகளைத் தொடும். புயலில் தொடர்பு அறுந்த 100 நிலையங்கள் மூன்று நாள் கழித்து மீண்டால், தேக்கி வைத்திருந்த 1,15,200 பதிவுகளையும் மொத்தமாகக் கொட்டும். இதே வேளையில்தான், வழக்கமாக ஒரு நாளைக்கு ஒருமுறை திரையைப் பார்ப்பவர் நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கத் தொடங்குகிறார். எனவே திட்டத்தின் அளவுகோல் சாதாரண நாள் அல்ல, வெள்ள நாள்.

கேட்கும் பக்கத்தையும் அதே நாளை வைத்தே கணக்கிட வேண்டும். ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருக்கும் வினவல்களின் (தரவைக் கேட்கும் கோரிக்கைகளின்) எண்ணிக்கை, நொடிக்கு வருபவற்றின் எண்ணிக்கையை ஒவ்வொன்றும் எடுக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். நொடிக்கு 80 வினவல்கள் வந்து, ஒவ்வொன்றும் கால் நொடியில் முடிந்தால், ஒரு வினவலுக்கு ஓர் இணைப்பு என்ற கணக்கில் 20 இணைப்புகள் போதும். அவையே 2 நொடி எடுக்கத் தொடங்கினால் 160 இணைப்புகள் வேண்டும்; போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்போ 100. வரம்பை உயர்த்திவிடலாமே என்று தோன்றும், ஆனால் திணறும் வட்டுக்கு அது மேலும் சுமையையே கூட்டும். இணைப்புகளைத் தொகுத்து, முறை வைத்துக் கொடுக்கும் ஏற்பாடு அதைவிட மேல். சர்வரின் உழைப்பு, அதாவது அதன் திறனில் பயன்பாட்டில் இருக்கும் பங்கு, உச்ச நேரத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டாதவாறு திட்டமிடுவது என் வழக்கம். எளிய வரிசைக் கோட்பாட்டின்படி, உழைப்பு 50 விழுக்காட்டில் இருக்கும்போது மறுமொழி நேரம், காத்திருப்பே இல்லாதபோது ஆகும் நேரத்தைப் போல் இரு மடங்காகும். 80இல் ஐந்து மடங்கு, 90இல் பத்து மடங்கு.

பலர் கணக்கில் எடுக்க மறக்கும் ஒன்று, பழைய தரவைத் திருத்துவது. நீர்மட்டத்தைக் கொண்டு ஓடும் நீரின் அளவைக் கணக்கிட உதவும் ரேட்டிங் அட்டவணையை, ஆற்றின் படுகை மாறியதால் ஒரு துறை பின்தேதியிட்டுத் திருத்துகிறது என்று கொள்வோம். பத்தாண்டுக்குத் திருத்தினால், அந்த ஒரு நிலையத்துக்கே 3,50,000க்கு மேற்பட்ட பதிவுகளை மாற்றி எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஒரு பதிவை மாற்றும்போது பழையதை உடனே அழிக்காமல் புதிய பிரதியை எழுதுவதால், அட்டவணை வீங்கும்; அதன் பின் பழைய பிரதிகளை நீக்கும் துப்புரவுப் பணி வேறு ஓடும். இத்தகைய மறுகணக்கீட்டைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து, நெரிசலற்ற நேரத்தில் ஓடவிட்டு, எச்சரிக்கை நாட்களில் தானாக நிற்குமாறு அமைக்க வேண்டும்.

பகிர்வு என்பதால் எழும் சிக்கலையும் மறைக்காமல் பேசிவிடுவது நல்லது. ஒரு துறையின் முப்பதாண்டு ஆய்வறிக்கை, இன்னொரு துறையில் அணை மதகை இயக்குபவரைக் காக்க வைக்கலாகாது. ஒவ்வொரு துறைக்கும் தனிப் பயனர் கணக்கு கொடுத்து, அக்கணக்குக்கு இணைப்பு எண்ணிக்கை வரம்பும் வினவல் நேர வரம்பும் விதிக்கலாம்; நீண்ட அறிக்கைகளை, முதன்மைச் சர்வரின் தரவைப் பிரதியெடுத்து வைத்திருக்கும் நகல் சர்வருக்குத் திருப்பலாம். நகல் சில நொடி பின்தங்கக்கூடும் என்பதால் மதகை இயக்குபவர் பார்க்கும் கணினித் திரையை (மதகுத் திரை) மட்டும் முதன்மைச் சர்வரிலேயே விட்டுவிட வேண்டும். அட்டவணையை மாதவாரியாகப் பிரித்து, தினசரிச் சராசரி, உச்சம், தாழ்வு ஆகியவற்றை முன்கூட்டியே கணித்து வைத்தால், ஓர் அளவீட்டின் ஆண்டு வரைபடத்துக்கு 35,040 பதிவுகளுக்குப் பதில் 365 பதிவுகளைப் படித்தாலே போதும். இந்த ஒரு மாற்றம் கூடுதல் பிராசசர்களை விடப் பலமுறை அதிகப் பயன் தரும்.

இலக்கைச் சராசரி நேரமாக எழுதாதீர்கள். உச்ச சுமையின்போது மதகுத் திரையின் 100 கோரிக்கைகளில் 95 இரண்டு நொடிக்குள் முடிய வேண்டும் என்பது போல, சோதித்துப் பார்க்கக்கூடியதாக எழுதி, எல்லாத் துறைகளிடமும் ஒப்புதல் பெறுங்கள்.

அதன் பிறகே சோதனை. கற்பனைச் சுமையை உருவாக்குவதை விட, கடந்துபோன ஒரு வெள்ள நாளின் வரவையும் வினவல் பதிவேட்டையும் எடுத்து, சோதனைச் சர்வரில் அதே வேகத்தில் ஒருமுறையும், இரு மடங்கு வேகத்தில் ஒருமுறையும் ஓட்டிப் பாருங்கள். சோதனைச் சர்வரிலும் பத்தாண்டுத் தரவு நிரம்பியிருக்க வேண்டும். காலியான அட்டவணையில் எந்த வினவலும் வேகமாகத்தான் ஓடும். சோதனை நடக்கும் நேரத்திலேயே இரவுக் காப்புநகலையும் தொடங்கிவிடுங்கள், ஏனெனில் வெள்ளம் உச்சம் தொடும் இரவிலும் அது தன் நேரத்துக்குத் தானாகத் தொடங்கிவிடும்.