உபுண்டுவை ஃபார்மட் அடித்து டெவலப்மென்ட் செட்டப்பை மறுபடி அமைப்பது

கோட் எல்லாம் கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் டூல்) தானே இருக்கிறது என்று நம்பி டிஸ்க்கைத் துடைத்துவிடாதீர்கள். ஸ்டேஷில் (கமிட் பண்ணாமல் ஒதுக்கி வைக்கும் இடம்) போட்டு மறந்தவை, புஷ் பண்ணாத பிராஞ்ச்கள், கிட் இக்னோரில் இருக்கும் டாட் என்வ் ஃபைல்கள் (பாஸ்வேர்டு போன்ற செட்டிங்குகள் இருப்பவை) இவை எதுவும் ரிமோட்டுக்கு, அதாவது ஆன்லைனில் இருக்கும் காப்பிக்கு, போயிருக்காது. ஒவ்வொரு ரெப்போவிலும் 'கிட் ஸ்டேஷ் லிஸ்ட்' அடித்துப் பாருங்கள். பாதிப்பேர் தவறவிடுவது இதைத்தான்.

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் இருந்தால் அதன் டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துப் பயனில்லை. உபுண்டு 22.04-இல் வருவது வெர்ஷன் 14, 24.04-இல் வருவது 16. 22.04-இன் பழைய ஃபோல்டரை 24.04-இல் கொடுத்தால் போஸ்ட்கிரஸ் சர்வர் ஸ்டார்ட்டே ஆகாது. டம்ப் (டேட்டா முழுவதையும் ஒரே ஃபைலாக எழுதிய காப்பி) எடுத்து வைத்துக்கொண்டு புதியதில் ரீஸ்டோர் செய்யுங்கள்.

எஸ்எஸ்ஹெச் கீக்களை (வேறு சர்வர்களுக்குள் நுழையப் பயன்படும் சாவி ஃபைல்கள்) எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் உள்ள பென்டிரைவில் நேரடியாகப் போட்டால் பெர்மிஷன் தொலைந்துவிடும். திரும்ப எடுத்து வைத்ததும், 'கீ ஃபைல் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது' என்று எஸ்எஸ்ஹெச் அதை ஒதுக்கிவிடும். பெர்மிஷனாக ஃபோல்டருக்கு 700, பிரைவேட் கீக்கு 600 கொடுத்தால் (உங்களுக்கு மட்டும் அனுமதி) சரியாகும். டார் ஃபைலாகக் கட்டி எடுத்துப்போனால் இந்தத் தொல்லையே இல்லை. புது கீ போடுவது இன்னும் நல்லதுதான். ஆனால் பாஸ்வேர்டு லாகின் அடைக்கப்பட்ட சர்வர் ஏதாவது இருந்தால், பழைய கீ கையில் இருக்கும்போதே புதியதை அங்கே ஏற்றிவிடுங்கள்.

இன்ஸ்டால் முடிந்ததும் அப்டேட், பில்ட் எசென்ஷியல் (கம்பைலர் முதலானவை அடங்கிய பாக்கேஜ்), கிட் என்ற வரிசையில் போங்கள். கிட்டில் பெயரும் மெயிலும் கொடுக்காவிட்டால் முதல் கமிட்டிலேயே முரண்டு பிடிக்கும்.

அடுத்து பைதான். 24.04-இல் பிப் (பைதான் பாக்கேஜ்களை இறக்கும் டூல்) மூலம் நேராக எதையாவது போட்டால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று எரர் வரும். அதைத் தாண்டிப்போக ஒரு ஆப்ஷனையும் எரர் மெசேஜே காட்டும். அதைத் தொடாதீர்கள், உபுண்டுவின் இன்ஸ்டாலரான ஏபிடி போட்டுவைத்த பாக்கேஜ்களோடு மோதி சிஸ்டம் டூல்களே படுத்துவிடலாம். வென்வ் பாக்கேஜைத் தனியாக இன்ஸ்டால் செய்து, புராஜெக்ட்டுக்கு ஒரு வென்வ் (அந்த புராஜெக்ட்டுக்கு மட்டுமான தனி பைதான் சூழல்) உருவாக்குங்கள். பழைய வென்வை காப்பி பண்ணுவதும் வீண்: உள்ளே முழு பாத் எழுதப்பட்டிருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட்களின் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரையும் (இறக்கிய பாக்கேஜ்கள் இருக்கும் இடம்) விட்டுவிடலாம், லாக் ஃபைல் இருந்தால் 'என்பிஎம் சிஐ' அதே வெர்ஷன்களை இறக்கித் தரும்.

டாக்கர் (ஆப்களைத் தனித்தனி கன்டெய்னர்களில் ஓட்டும் டூல்) போட்டு, அதன் குரூப்பில் யூசரைச் சேர்த்த பிறகும் 'பெர்மிஷன் டினைடு' வந்தால் பதறி சூடோவுக்கு (அட்மின் அதிகாரத்தில் கமாண்ட் ஓட்டுவது) தாவ வேண்டாம். டெர்மினலை மூடித் திறந்தால் மட்டும் போதாது, லாக் அவுட் பண்ணி உள்ளே வாருங்கள்.