ஏஐ ஓவிய ஃபில்டரில் முகம் குழைந்தால்

போட்டோவை ஓவியம்போல் மாற்றும் ஏஐ ஃபில்டரில் மரமும் வானமும் அருமையாக வரும், ஆனால் குரூப் போட்டோவில் பின்வரிசை முகங்கள்தான் பாவம். அப்பாவின் மூக்குக்கண்ணாடி புருவத்தோடு ஒட்டி ஒரே கறுப்புத் தீற்றலாகிவிட்டது, பார்க்கவே மனசு கேட்கவில்லை. பல ஆப்கள் படத்தைச் சுருக்கித்தான் ஃபில்டர் போடுகின்றன, தூரிகைத் தடமும் படம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு, அதனால் சின்ன முகத்தில் கண், வாய் எல்லாம் கரைந்துபோகிறது. ஃபில்டரின் வீரியத்தைக் குறைத்துப் பார்த்தேன், முகம் தேறியது, ஆனால் ஓவியக் களை போய்விட்டது.

சரி என்று லேயர் வசதியுள்ள, அதாவது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடிகிற வேறொரு ஆப்பில் அசல் போட்டோவைக் கீழேயும் ஓவியத்தை மேலேயும், இரண்டும் ஒரே அளவில் பொருந்தும்படி வைத்து, மேலே உள்ள ஓவியத்தில் முகங்களை மட்டும் மென்மையான அழிப்பான் பிரஷால் லேசாகத் தேய்த்தேன், அடியிலிருக்கும் அசல் முகம் கொஞ்சம் தெரியும். பிரஷ் ஒபாசிட்டி, அதாவது ஒரு தேய்ப்பில் எவ்வளவு அழியும் என்ற அளவு, 40 சதவீதம் போதும். முழுக்க அழித்தால் வெட்டி ஒட்டினதுபோல் தெரியும். கண்ணோரத்தில் மட்டும் இன்னொரு தடவை தேய்க்கலாம்.