இலங்கையில் ஆர்டர் பிடிக்க உங்கள் ஊர் சேம்பரிடம் வேலை வாங்குவது எப்படி

கோவையில் சின்ன யூனிட் வைத்து வெட் கிரைண்டர் செய்கிறீர்கள், யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ விற்றுப் பார்க்கலாமே என்று ஒரு யோசனை, அப்படி வைத்துக்கொள்வோம். ஏஜென்ட்டைத் தேடுவதற்கு முன்னால், சந்தா மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் உங்கள் ஊர் வர்த்தக சபை, அதாவது சேம்பர் பக்கம் போய்விட்டு வாருங்கள். இரண்டு நாட்டுச் சேம்பர்களும் ஒப்பந்தம் போட்டுப் படம் எடுத்துக்கொள்வதால் மட்டும் உங்களுக்குக் காலணா வராது. நீங்கள் போய் இன்ன வேலை ஆக வேண்டும் என்று கேட்டால்தான் அந்தக் காகிதத்துக்கு உயிர் வரும்.

"இலங்கையில வாய்ப்பு இருக்கா சார்?" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் கிடைக்கும். ஒரு பக்கக் கடிதமாகக் கொடுங்கள்: பொருள், எச்.எஸ். கோடு (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்), மாதம் எத்தனை தர முடியும், எஃப்.ஓ.பி. விலை (நம் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிக் கொடுப்பது வரையிலான விலை), அங்கே தேவைப்படுவது மொத்த வியாபாரியா, சர்வீஸும் பார்க்கிற கடைக்காரரா. தலைவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அதனால் செயலாளரைப் பிடியுங்கள். வடக்கு என்றால் யாழ்ப்பாண வர்த்தக தொழில்துறை மன்றத்துக்கும், கொழும்பு என்றால் 1839இல் தொடங்கிய இலங்கை வர்த்தக சம்மேளனத்துக்கும் அந்தக் கடிதத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஏற்றுமதி இறக்குமதிக்குத் தேவையான ஐ.இ.சி. எண் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள், கட்டணம் 500 ரூபாய்தான்.

பெயர்கள் வந்ததும் ஆளை விசாரியுங்கள். கம்பெனி என்றால் கம்பெனிப் பதிவாளரிடம் பதிவு இருக்கும், தனி ஆள் வியாபாரம் என்றால் பெரும்பாலும் பிரதேச செயலகத்தில். பதிவைப் பார்த்ததோடு விட்டுவிடாமல், ஆள் கொடுக்கல் வாங்கலில் எப்படி என்று அங்குள்ள சேம்பரிடம் கேளுங்கள். எழுத்தில் தர மாட்டார்கள், போனில் சொல்வார்கள். அந்த ஒரு போனுக்காகவே சந்தா கட்டலாம். அப்படியே ப்ளக்கையும் கேட்டுவிடுங்கள். மின்சாரம் நம்முடையது மாதிரி 230 வோல்ட்தான், ஆனால் அங்கே இப்போது சதுரக் கால் வைத்த 13 ஆம்பியர் ப்ளக்தான் தரநிலை. நம் உருண்டைக் கால் ப்ளக்கோடு ஒரு லோடு அனுப்பினால் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுக்கிற செலவு உங்கள் தலையில்தான் விழும்.

சரி, சாம்பிள். யாழ்ப்பாணத்தில் வழக்கமாக ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சிக்கு மெஷினை அங்கே இறக்குமதி வரி கட்டாமல் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர, ஏ.டி.ஏ. கார்னே என்று ஒரு ஆவணம் இருக்கிறது. இந்தியாவில் இதைத் தருவது ஃபிக்கி என்கிற அகில இந்திய வர்த்தக சபைக் கூட்டமைப்பு, பிணையாக ஒரு தொகை கேட்பார்கள். சேம்பர்களின் எல்லை தாண்டிய ஒத்துழைப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான், ஏனென்றால் இதில் பேச்சு இல்லை, பணம் இருக்கிறது: நீங்கள் மெஷினைத் திருப்பிக் கொண்டுவராவிட்டால் அந்த நாட்டுச் சுங்கம் அங்குள்ள உத்தரவாதச் சேம்பரிடம் வரியைக் கேட்கும், அவர்கள் ஃபிக்கியிடம் கேட்பார்கள், ஃபிக்கி உங்கள் பிணையில் கை வைக்கும். கார்னே ஒரு வருடம் வரை செல்லும். விற்கப்போகிற சரக்குக்கோ, இலவசமாகக் கொடுத்துவிட்டு வருகிற பொருளுக்கோ இது ஆகாது.

ஆர்டர் வந்ததும் பலர் குழம்புவது ஆரிஜின் சர்டிஃபிகேட்டில், அதாவது பொருள் எந்த நாட்டில் தயாரானது என்று காட்டும் சான்றிதழில். சாதாரணமானதைச் சேம்பரே தரும். ஆனால் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் வரிச் சலுகை வேண்டுமென்றால் டி.ஜி.எஃப்.டி.யின் (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) ஆன்லைன் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பொதுவிதிப்படி வெளிநாட்டு உதிரிகளின் மதிப்பு எஃப்.ஓ.பி. விலையில் 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதனால் மோட்டாரை வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிடுங்கள். உங்கள் பொருள் இலங்கையின் விலக்குப் பட்டியலில் இருந்தால் சலுகையே கிடையாது. இல்லாவிட்டாலும் குறைவது சுங்க வரி மட்டும்தான், செஸ், வாட் போன்றவற்றை வாங்குபவர் கட்டத்தான் வேண்டும். அவருடைய அடக்க விலையை இதையெல்லாம் சேர்த்துப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் உங்கள் விலையைச் சொல்லுங்கள்.

பணத்துக்கு எந்தச் சேம்பரும் ஜாமீன் நிற்காது. 2022இல் இலங்கையில் வந்த டாலர் தட்டுப்பாட்டில் நல்ல வியாபாரிகளாலேயே நேரத்துக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. முதல் ஆர்டருக்கு முழு அட்வான்ஸ், அடுத்ததிலிருந்து எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்) என்று பேசுங்கள். ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் எந்த ஊரில், எந்த அமைப்பின் விதிப்படி நடுவர் தீர்ப்பு என்று ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்கும் 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருப்பதால், சென்னையில் வாங்கிய தீர்ப்பை வைத்துக் கொழும்பில் வசூலுக்குப் போக வழி உண்டு. ஒப்பந்தத்தில் அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் சேம்பர் உங்களுக்காகச் செய்யக்கூடியது, அந்தப் பக்கம் ஒரு போன் போட்டு "கொஞ்சம் பேசி முடிங்க" என்று சொல்வது மட்டும்தான்.