புது வீடு உலரும் காலம்: வெப்பமண்டலத்தில் முதல் ஆண்டைக் கழிக்க ஒரு வழிகாட்டி

பூச்சும் வண்ணமும் முடிந்து, கதவுகளுக்குத் தாழ்ப்பாளும் போட்டாகிவிட்டால் வீட்டு வேலை முடிந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் அந்த வீடு இன்னும் உலரவில்லை. கான்கிரீட்டிலும் கட்டுவேலைச் சாந்திலும் மேற்பூச்சிலும் கலந்த தண்ணீரில் ஒரு பகுதியைத்தான் சிமென்ட் இறுகும்போது தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. மீதமுள்ளது, சிமென்ட் நன்றாக இறுகுவதற்காக நனைத்துவைக்கும் க்யூரிங் நாட்களில் சுவர் குடித்த தண்ணீரோடு சேர்ந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஆவியாகி வெளியேற வேண்டும். நல்ல சூழ்நிலையில் கான்கிரீட் தளம் 25 மி.மீ. கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்ற கணக்கில் உலரும் என்பது கட்டுமானத் துறையில் வழங்கும் தோராயக் கணக்கு. காற்றே ஈரமாக இருக்கும் வெப்பமண்டலத்தில், அதிலும் மழைக்காலத்தில் முடிந்த வீட்டில், அந்தக் கணக்கும் போதாது. ஆகவே, குடியேறுவோர் ஒரு மழைக்காலமும் ஒரு வறண்ட காலமும் கடக்கும்வரை ஒட்டுவது, மூடுவது, அடைப்பது, இழைப்பது ஆகிய நான்கிலும் அவசரப்படாமல் இருப்பதே முதற்கடமை என்று கருதுகிறேன். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் இடமாக இருந்தால், ஓராண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

சாமான்களை இறக்கும் முன்

வீடு வெறுமையாக இருக்கும்போது மட்டுமே எளிதாகச் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. குளியலறை வடிகாலின் வாயைத் துணியால் இறுக அடைத்து, தரை முழுவதும் மறையும்படி தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு கீழ்த்தளத்தின் கூரையையும், குளியலறையைச் சுற்றியுள்ள அறைகளில் சுவரின் அடிப்பகுதியையும் கையால் தொட்டுப் பாருங்கள். மொட்டை மாடியிலும் இதையே செய்யலாம். அடைப்பை எடுத்தபின் தண்ணீர் எந்த மூலையில் தேங்கி நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வாட்டம் தவறிய தளத்தைச் சரிசெய்ய இதைவிட மலிவான தருணம் பிறகு வாய்க்காது.

குழாய்களின் வாயில் இருக்கும் சிறு சல்லடைகளை எல்லாம் கழற்றிவிட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை ஒவ்வொரு குழாயையும் திறந்துவிடுங்கள். பைப்பை அறுத்தபோது உதிர்ந்த பிளாஸ்டிக் துருவலும் மணலும் சிமென்ட் கட்டியும் அப்போது வந்து விழும். சலவை இயந்திரத்தை இணைத்தபின் அவை வந்தால் அதன் வால்வில் சிக்கிக்கொள்ளும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, காலையில் பார்த்தால் சுவருக்குள் எங்காவது கசிகிறதா என்பது தெரிந்துவிடும்.

கான்கிரீட்டில் கட்டிய தண்ணீர்த் தொட்டியில் முதலில் நிற்கும் நீர் காரத்தன்மை மிகுந்திருக்கும். நிரப்பி ஒரு நாள் நிறுத்தி வெளியேற்றுவதை இரண்டு மூன்று முறை செய்தபின், கிருமி நீக்கலாம். 1000 லிட்டர் தண்ணீருக்கு 5 விழுக்காட்டுச் செறிவுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 1 லிட்டர் சேர்த்தால், லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்ற அளவு கிடைக்கும். குளோரின் வாடை வரும்வரை ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடி, 24 மணி நேரம் கழித்து முழுவதையும் வெளியேற்றி, நன்றாக அலசி, புதிய நீர் நிரப்புங்கள். அந்தக் கரைசல் நீரைக் குடிக்கவும் கூடாது, செடிகளுக்கு விடவும் கூடாது. டைல்ஸில் படிந்த சிமென்ட் கறையை நீக்கப் பயன்படும் அமிலம் இந்தக் கரைசலோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டு வேலைகளையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். மூடிய தரைத்தொட்டிக்குள் எவரும் தனியாக இறங்கவும் கூடாது.

ஈரம் எங்கிருந்து வருகிறது

சுவரும் தரையும் எவ்வளவு உலர்ந்திருக்கின்றன என்பதை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பக்கத்துக்கு 45 செ.மீ. உள்ள ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். தாளின் அடிப்பக்கத்தில் நீர்த்துளிகள் அரும்பியிருந்தாலோ, தாள் மூடிய இடம் மட்டும் கறுத்திருந்தாலோ, ஈரம் உள்ளிருந்து வருகிறது. தாளின் மேற்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். முதல் நிலையில் மரத் தரை, வினைல் விரிப்பு, சுவரொட்டுத் தாள், எண்ணெய் வண்ணம் எதுவும் வேண்டாம். அடியில் அடைபட்ட நீர் அவற்றைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். புதுப் பூச்சு குறைந்தது 28 நாட்களாவது உலர்ந்திருக்க வேண்டும். அதன்பிறகும், முதல் ஆண்டுக்கு நீராவியை வெளியே விடும் சுண்ணாம்பு அல்லது மெல்லிய ஒற்றைப் பூச்சோடு நிறுத்திக்கொண்டு, பட்டி (சுவரைச் சமப்படுத்தும் புட்டி மாவு) வைத்துத் தேய்த்து மெருகேற்றும் வேலையைப் பிறகு செய்வதே நல்லது.

சுவரில் வெண்மையாக உப்புப் பூத்தால் பலரும் உடனே ஈரத்துணியை எடுக்கிறார்கள். தண்ணீர் பட்டால் அந்த உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள் போய், உலர்ந்ததும் திரும்பவும் பூக்கும். உலர்ந்த தூரிகையால் தட்டி, உதிர்ந்ததை அள்ளி வெளியே கொட்டிவிட வேண்டும். வீடு உலர உலர இது தானாகவே குறையும். ஓராண்டு கழித்தும் அதே இடத்தில் பூத்துக்கொண்டிருந்தால், அருகில் கசியும் குழாயையோ, வெளிச்சுவரை அணைத்துக் குவிந்திருக்கும் மண்ணையோ தேட வேண்டும்.

எங்கள் வீட்டில், குளியலறைக்கு மறுபக்கச் சுவரை ஒட்டித் துணி அலமாரியை இடைவெளியே இல்லாமல் நிறுத்தியிருந்தோம். நான்கு மாதங்களுக்குப் பின் அடியில் இருந்த துணிகளை எடுத்தபோது, முன்பக்கம் நன்றாகவே இருந்தது. பின்பலகையைத் தொட்டுக்கொண்டிருந்த மடிப்புகளில் மட்டும் மிளகுத் தூளைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தன. அலமாரியை இழுத்துப் பார்த்தால், பின்பலகை மறைத்திருந்த அளவுக்கே, அளந்து வரைந்தாற்போல, சுவரில் சாம்பல்பச்சைப் பூஞ்சை படர்ந்திருந்தது. அந்தச் செவ்வகத்துக்கு வெளியே, காற்றுப் பட்ட இடத்தில், ஒரு புள்ளிகூட இல்லை. ஒரே சுவர், ஒரே ஈரம். வேறுபாடு காற்றோட்டம் ஒன்றுதான். அன்று முதல் எந்த மரச்சாமானுக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரல் நுழையும் இடைவெளி விடுகிறோம். வெளிச்சுவரையும் குளியலறைச் சுவரையும் ஒட்டி அலமாரி வைக்காமல் இருக்க முடிந்தால் இன்னும் நல்லது. சுவரோடு பொருத்தும் அலமாரிகளை ஓராண்டு தள்ளிப்போடுமாறு வேண்டிக் கேட்டுக்கொள்வேன்.

ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்கி, படுக்கையறையில் மாட்டுங்கள். ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்கு இடமில்லை. அது எப்போதும் இயலாது என்பதால், நனைந்த எதையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிடுவது அடுத்த பாதுகாப்பு. எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்துவைத்தால்தான் காற்று வீட்டினூடே போகும். ஒரே பக்கம் திறப்பதால் பயன் குறைவு. ஆனால் சாளரத்தைத் திறப்பது எப்போதும் ஈரத்தைக் குறைத்துவிடாது. வெளியே 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும்போது, ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று நீராகப் படியும். இரவெல்லாம் ஏ.சி.யை 22 டிகிரியில் ஓடவிட்டு, காலையில் மழைக்காற்றை உள்ளே விட்டால், தரையும் சுவரும் வேர்ப்பது அதனால்தான். மழை விட்டு வெயில் ஏறிய வேளையில் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள், ஏ.சி. ஓடும் அறையை மூடியே வையுங்கள். ஏ.சி.யின் நீர் வடிகுழாயில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது தடையின்றி வெளியே வருகிறதா என்று பார்ப்பதும், குளியலறை எக்சாஸ்ட் விசிறி பொய்க்கூரைக்குள் அல்லாமல் வெளியே காற்றைத் தள்ளுகிறதா என்று உறுதிசெய்வதும் சில நிமிட வேலைகள்.

புது வாடை

பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். பலகைகளை ஒட்டிய பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடும், வார்னிஷிலிருந்து கரைப்பான்களும் வெளிவருகின்றன. வெப்பமும் ஈரமும் கூடக் கூட அவை அதிகமாக வெளிவரும் என்பதால், நம் தட்பவெப்பத்தில் முதல் சில மாதங்கள் கவனம் தேவை. வாசனைத் தெளிப்பான் வாடையை மறைக்குமே தவிர வாயுவை நீக்காது. இழுப்பறைகளையும் அலமாரிக் கதவுகளையும் பகலில் திறந்துவைத்து, விசிறியால் காற்றை வெளியே தள்ளுங்கள். குழந்தைகள் உறங்கும் அறையில் புதுப் பலகைச் சாமான்களைக் கடைசியாக வைப்பதே என் பரிந்துரை.

வெயிலைப் படித்தல்

கூரைத் தளம் பகலெல்லாம் வெயிலை உள்வாங்கி, பல மணி நேரம் கழித்தே அறைக்குள் விடுகிறது. மேல்மாடி இரவில் புழுங்குவது இதனால்தான். நீர்க்கசிவுச் சோதனை முடிந்த மாடியில் வெண்ணிற எதிரொளிப்புப் பூச்சு அடித்தால் கண்கூடான வேறுபாடு தெரியும். சாளரங்களைப் பொறுத்தவரை, வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்தபின் திரைச்சீலை போடுவதைவிட, கண்ணாடிக்கு வெளியிலேயே தடுப்பது பலமடங்கு மேல்.

எங்கே தடுப்பது என்பதை முதல் மாதத்திலேயே முடிவு செய்துவிடாதீர்கள். கடக, மகர ரேகைகளுக்கு இடையே நண்பகல் சூரியன் ஆண்டின் ஒரு பகுதியில் வடக்கேயும் மற்றொரு பகுதியில் தெற்கேயும் நிற்கும். ஆறு மாதம் நிழலாக இருந்த சாளரத்தில் பிறகு வெயில் அடிக்கும். மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், வெயில் தரையில் விழும் எல்லையைச் சாக்கட்டியால் குறித்து வந்தால், பந்தலும் மரமும் எங்கே வேண்டும் என்பதைத் தரையே காட்டிவிடும். மேற்கு வெயில் தாழ்வாக வருவதால் கிடைமட்டச் சன்ஷேடு அதைத் தடுக்காது. அங்கே செங்குத்தான தட்டிகளோ மரமோ தேவைப்படும்.

கதவும் விரிசலும்

மழைக்காலத்தில் கதவு நிலையில் உரசத் தொடங்கினால், இழைப்புளியை எடுக்காதீர்கள். அப்போது இழைத்த கதவு, வறண்ட காலத்தில் சுருங்கி, விளிம்பில் வெளிச்சம் தெரியும்படி நிற்கும். முதலில் ஒரு சிறு கண்ணாடியைக் கதவின் அடியில் நீட்டி, கீழ் விளிம்பைப் பாருங்கள். முகப்பு பளபளவென்று வார்னிஷ் அடிக்கப்பட்டிருக்க, மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் எதுவும் பூசாத வெறும் மரமாகவே விடப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். மரம் தண்ணீர் குடிப்பது அந்த வழியாகத்தான். வறண்ட காலத்தில் கதவைக் கழற்றி, ஆறு பக்கங்களையும் பூசிய பிறகும் உரசினால், அப்போது இழைக்கலாம்.

விரிசல்களில் பெரும்பாலானவை பூச்சு உலர்ந்து சுருங்குவதால் வரும் மயிரிழை விரிசல்களே. தூணும் செங்கல் சுவரும் சந்திக்கும் இடத்தில் நேர்கோடாக வருவதும், இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் நேர்வதே. சாளர மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலையும், தரையிலும் தொடரும் விரிசலையும்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டு, தேதியையும் அகலத்தையும் அருகே எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்துகொண்டே இருந்தாலோ, சில மில்லிமீட்டராக அகன்றாலோ, கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும். அசையாமல் நின்றுவிட்டதை, உலர்ந்த பின் ஒரே முறையில் அடைத்துவிடலாம்.

கரையான், கொசு, மின்சாரம்

கட்டுமானத்தின்போது மண்ணில் புதைந்துபோன சாரப் பலகைத் துண்டுகளைத் தோண்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள்; கரையானுக்கு அதுவே முதல் உணவு. அட்டைப் பெட்டிகளை மாதக்கணக்கில் தரையில் அடுக்கிவைப்பதும் அதே விளைவைத் தரும். வெளிச்சுவரின் அடியில் 15 செ.மீ. உயரமாவது மண்ணும் செடியும் மறைக்காமல் கண்ணுக்குத் தெரிந்தால்தான், கரையானின் மண்தடம் ஏறுவதை உடனே காண முடியும். அடித்தளத்தை ஒட்டிக் கரையான் மருந்திட்ட மண்ணைப் பூச்செடிகளுக்காகக் கிளறிவிட வேண்டாம். அங்கே நிலம் சுவரிலிருந்து வெளிப்புறமாகச் சரிந்திருக்க வேண்டும்; மீட்டருக்கு 5 செ.மீ. சரிவு போதும்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஏழு முதல் பத்து நாட்களே ஆகும். ஆகவே கட்டட வேலை விட்டுச்சென்ற டிரம்கள், சட்டிகள், மாடி மூலைகள், ஏ.சி. நீர் சேரும் தட்டு ஆகியவற்றை வாரம் ஒருமுறை காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டைகள் தண்ணீர் இன்றியும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தொட்டியின் காற்றுக் குழாய்க்கும் வழிகுழாய்க்கும் வலை கட்டுங்கள். பயன்படுத்தாத குளியலறையின் வடிகால் பொறியில் (நாற்றத்தைத் தடுக்க நீர் தேங்கி நிற்கும் வளைவில்) நீர் வற்றினால் கரப்பானும் நாற்றமும் மேலே வரும். வாரம் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

மின் பலகையில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். அதன் சோதனைப் பொத்தானைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்தி, உடனே துண்டிக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஈரம் மிகுந்த புதுச் சுவர்களுக்கு நடுவே வாழும்போது இது உயிர் காக்கும். இடி மின்னல் மிகுந்த பகுதியில், மின்னழுத்தம் திடீரென எகிறுவதிலிருந்து சாதனங்களைக் காக்கும் மின்னெழுச்சித் தடுப்பானும் தேவை.

முதல் பெருமழை கொட்டும்போது வீட்டில் இருக்க முடிந்தால், டார்ச்சை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய், சாளர மூலைகளையும் கூரை விளிம்புகளையும் பாருங்கள். ஈரம் தெரியும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டு, தேதி எழுதி, படம் எடுத்து வையுங்கள். கட்டித் தந்தவரோடு செய்த ஒப்பந்தத்தில் குறைதீர்க்கும் காலம் எந்த நாளோடு முடிகிறது என்பதையும் அதே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அதற்கு ஒரு மாதம் முன்பாகவே எல்லாக் குறிகளையும் தொகுத்து எழுத்து மூலம் அனுப்பிவிடுங்கள்.