பத்தாண்டுச் சாலைத் திட்டம்: நான் போட்ட தப்புக் கணக்கு

போன மாதம் ஓர் இளம் உதவிப் பொறியாளர் தன் பிரிவிலுள்ள மாநில நெடுஞ்சாலைகளுக்குப் பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டம் போட்டு எடுத்துவந்தார். குண்டும் குழியுமான சாலைகளெல்லாம் முதல் இரண்டு வருஷத்தில். நன்றாக இருப்பவை எட்டாவது, ஒன்பதாவது வருஷத்தில். இருபது வருஷத்துக்கு முன் நானும் அச்சு அசலாக இதையேதான் போட்டுக் கொடுத்துப் பாராட்டும் வாங்கினேன். அது தப்புக் கணக்கு. இப்படித் திட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் தப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன். கூட்டல் பிழை, செயினேஜ் (சாலையின் தொடக்கத்திலிருந்து அளக்கும் தூரக் குறி) மாறிப்போவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை எஸ்டிமேட் மேசையிலேயே மாட்டிக்கொள்ளும்.

மோசமான சாலைக்கே முதல் பணம்

என் பொறுப்பில் அப்போது இரண்டு சாலைகள். ஒன்று மறியல் வரை போன குழிச் சாலை. மற்றதில் ஜீப்பில் போனால் டீ டம்ளர் அலுங்காது. இறங்கிக் குனிந்து பார்த்தால்தான் இடது சக்கரத் தடத்தில் தலைமுடி போல விரிசல் தெரியும். நாலைந்து இடங்களில் விரிசலோரம் வெள்ளையாகக் காய்ந்த கறை. கூட வந்த சாலை ஆய்வாளர் காலால் தேய்த்துக் காட்டி, "சார், அடியில தண்ணி இறங்கிடுச்சு" என்றார். உள்ளே தேங்கிய நீரை லாரியின் பாரம் அழுத்தும்போது அடித்தளத்தின் நுண்துகள்கள் விரிசல் வழியே பீய்ச்சி வெளியே வரும். அந்தக் கறை அதுதான்.

தெரிந்தும் பணம் முழுவதையும் குழிச் சாலைக்கே போட்டேன். இரண்டு ஐப்பசி மழை போனது. நல்ல சாலையின் தடம் அமுங்கி, முதலை முதுகு மாதிரி வெடித்தது. விரிசலை அடைத்து மெல்லிய தார்ப்பூச்சு கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். கடைசியில் ஜல்லி வரை தோண்டி அடித்தளத்தையே புதிதாகப் போட்டோம். இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் எரிச்சலாக வருகிறது.

ஏற்கெனவே அடிவரை கெட்ட சாலையை ஒரு வருஷம் தள்ளிப்போட்டாலும் செலவு பெரிதாக ஏறாது. எப்படியும் தோண்டித்தான் ஆக வேண்டும். கெட்டுப்போகும் விளிம்பில் நிற்கும் சாலையைத் தள்ளிப்போட்டால் செலவு பல மடங்கு ஏறிவிடும். அதற்காகக் குழிச் சாலையைக் கைவிடச் சொல்லவில்லை. குழிகளை அடைத்து, ஆள் விழாமல் வைத்திருந்து, புனரமைப்பை வரிசையில் போடுங்கள். விளிம்புச் சாலைகளுக்குத் தனியாக ஒதுக்கிய பணத்தில் வருஷக் கடைசியில்கூடக் கைவைக்காதீர்கள்.

"நல்ல ரோட்டுக்கு எதுக்குத் தார்?" என்று நிச்சயம் கேட்பார்கள். பெங்கல்மேன் பீம் அளவை முன்னால் வையுங்கள். பாரம் ஏற்றிய லாரியின் பின் இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே அதன் முனையை வைத்து, லாரி நகர்ந்ததும் சாலை எவ்வளவு எழும்புகிறது என்று பார்க்கும் எளிய கருவி அது. மேலே வழவழவென்று இருக்கும் சாலை உள்ளே தொய்ந்து கிடப்பதை அது காட்டிக் கொடுக்கும்.

வண்டியை எண்ணி, எடையை விடுவது

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆஷோ என்ற நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம் நடத்திய சாலைச் சோதனையிலிருந்து வந்த கணக்கு இது: வண்டியின் ஒரு சக்கர அச்சு (ஆக்ஸில்) சுமக்கும் பாரம் இரட்டித்தால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. ஆயிரம் பைக்கும் காரும் செய்யாததைப் பத்து எம்-சாண்ட் லாரி செய்துவிடும். குவாரிச் சாலையைப் போய்ப் பாருங்கள், பாரத்தோடு வரும் பக்கம் மட்டும்தான் உடைந்திருக்கும். காலி வண்டி போகும் பக்கம் அப்படியே இருக்கும்.

தார் மேல் தார்

தடவைக்கு 40 மில்லிமீட்டர் கனம் தார் என்றால் ஐந்து தடவையில் சாலை 20 சென்டிமீட்டர் உயரும். டீக்கடை வாசல் பள்ளமாகும், மழைநீர் வீட்டுக்குள் போகும். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசே சொல்லிவிட்டது. உங்கள் திட்டத்தில் சுரண்டும் செலவு இருக்கிறதா?

பெர்ம்

தாருக்கு வெளியே, மழைநீர் வடிய வேண்டிய மண் ஓரம்தான் பெர்ம். சாலையைவிட உயரமாக இருந்தால் அது பெர்ம் இல்லை, தண்ணீரைத் தடுக்கும் வரப்பு.

மென்பொருள்

போன வருஷச் சாலை நிலைப் பதிவேட்டைக் காப்பியடித்துக் கொடுத்தாலும் எச்டிஎம்-4 என்ற சாலைத் திட்ட மென்பொருள் முகம் சுளிக்காமல் பத்து வருஷத்துக்கு வரைபடம் போட்டுத் தரும்.

பாலங்கள்

மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை போய்ப் பாருங்கள். தூணைச் சுற்றி மண் அரித்திருப்பது மேலே நின்றால் தெரியாது, பேன்ட்டை மடித்துக்கொண்டு கீழே இறங்குங்கள்.