யானை வந்துபோன மறுநாள் காலை என்ன செய்வது

முதலில் பட்டாசைக் கீழே வையுங்கள். எப்படி விரட்டுவது என்றுதான் எல்லோரும் கேட்கிறோம், ஏன் வந்தது என்று கேட்பதில்லை. வளர்ந்த யானை ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். காட்டுக் குட்டை காய்ந்துவிட்டால் உங்கள் தொட்டியைத் தேடி வரத்தான் செய்யும்.

தடத்தை மிதித்து அழிப்பதற்குள் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள், இழப்பீடு கேட்கும்போது அதுதான் பேசும். அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை மணிக்கு வந்தது, எந்தப் பக்கம் நுழைந்தது, எதைத் தின்றது, எதைத் தொடாமல் போனது, கடைசி மழை எப்போது. "அறுப்பு சமயத்தில்தான் வரும்" என்ற பெரியவர்கள் கணக்கை இனி அப்படியே நம்ப முடியாது, மழையே தேதி மாறிப் பெய்கிறது.

அடுத்து, வரவழைக்கும் பொருளை அகற்றுங்கள். கனடாவில் சர்ச்சில் என்ற ஊரில், கடல் உறைவது தள்ளிப்போகப் போக பனிக்கரடிகள் கரையில் கிடக்கும் நாட்கள் கூடிவிட்டன. அந்த ஊர்க்காரர்கள் 2005-இல், கரடிகளை ஊருக்குள் இழுத்த திறந்தவெளிக் குப்பைமேட்டையே மூடிவிட்டார்கள்.

வேலி என்றால் எனக்குப் பிடித்தது தேனீ வேலி. கென்யாவில் சோதித்துப் பார்த்த முறை இது: 10 மீட்டருக்கு ஒரு தேனீப் பெட்டியைக் கம்பங்களுக்கு நடுவே தொங்கவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கம்பியில் இணைக்க வேண்டும். யானை கம்பியில் இடித்தால் பெட்டிகள் ஆடும், தேனீக்கள் கொதித்தெழும், தும்பிக்கை நுனியிலும் கண்ணோரத்திலும் கொட்டு வாங்க எந்த யானைக்கும் ஆசை இல்லை. ஆனால் வறட்சியில் பூ இல்லாமல் தேனீக்கள் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும், அதாவது வேலி மிகவும் தேவைப்படும் நேரத்தில்! அதனால் பெட்டிக்கு நிழலும் பக்கத்தில் தண்ணீரும் இருக்கட்டும்.

சோலார் மின்வேலியா, சரி, கம்பியைத் தொடும் புல்லை வெட்டிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் தரையில் இறங்கிவிடும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கொடுப்பது வேலி இல்லை, கொலை. பக்கத்து வீட்டுப் பையனும் அதில்தான் மாட்டுவான்.



இவ்வளவுக்குப் பிறகும் வந்துவிட்டால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் இருங்கள். ஊரே கூடி நாலு பக்கமும் டார்ச் அடித்தால் அது எந்த வழியாகத் திரும்பிப் போகும்?