சாயத்தில் வரையும் மலைகள்: தோட்டப் பிள்ளைகளுக்கு ஓவியத்தோடு ஒரு பாடம்

இலங்கை மலையகத்தில் சாயம் என்றால் குடிக்கிற சாயம்தான், பால் சேர்க்காத தேநீர். அதில் துரு ஊறிய நீர் சில சொட்டு விழுந்தால் போதும், கறுத்து மையாகிவிடும். தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதே காரணம். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை செய்த பழைய முறையும் இதே வேலைதான். நிறப்பெட்டி வாங்க டவுனுக்கு இறங்க வேண்டிய தோட்டங்களில், தரம் 3 முதல் 5 வரையான பிள்ளைகளுக்கு இந்த ஒரு மையை வைத்தே விஞ்ஞானம், கணிதம், மொழி மூன்றையும் நடத்தலாம். கீழே உள்ள அளவு 20 பிள்ளைகளுக்கு. நாலு பேராக ஐந்து குழு.

ஒரு கிழமை முன்பே: இரும்பு நீர்

நன்றாகத் துருப்பிடித்த 10 ஆணிகளைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, மூழ்கும்வரை வினாகிரி (வினிகர்) ஊற்றுங்கள். 50 மில்லிலீற்றர் போதும். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும். நாலைந்து நாளில் நீர் செம்மண் நிறத்துக்கு வரும். துணியில் வடித்து எடுங்கள். நாகம் (துத்தநாகம்) பூசிய ஆணியும் துருப்பிடிக்காத உருக்கு ஆணியும் இதற்கு உதவா. மை கறுக்காததற்குப் பெரும்பாலும் ஆணிதான் காரணமாக இருக்கும்.

போத்தலில் அன்றே "குடிக்கக் கூடாது" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பார்வைக்கு இது சாயத்தண்ணி போலவே இருக்கும்.

வகுப்பன்று காலை: சாயம்

அரை லீற்றர் தண்ணீரில் 10 தேக்கரண்டி தேயிலைத் தூள் போட்டு, 300 மில்லிலீற்றராக வற்றும்வரை கொதிக்கவிட்டு வடியுங்கள். ஒருமுறை ஊற்றிய சக்கையும் ஆகும், ஆனால் இரண்டு மடங்கு போட்டு 20 நிமிடம் கொதிக்க வேண்டும். ஆறிய பிறகே பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

ஐந்து சாயம்

ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து யோகட் கப். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சாயம். முதல் கப்பை அப்படியே விட்டு, மற்றவற்றில் முறையே 1, 2, 4, 8 சொட்டு இரும்பு நீர் விடச் சொல்லுங்கள். எந்தக் கப் எப்படி மாறும் என்று பிள்ளைகள் முதலில் ஊகித்துக் கொப்பியில் எழுதட்டும், பிறகு சொட்டு விடட்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அந்த ஐந்து நிமிடம்தான் விஞ்ஞானப் பாடம். சொட்டு இரட்டிப்பதை அட்டவணையாக்கினால் கணிதமும் வந்துவிடும்.

ஆணி சரியாக இருந்தும் எட்டுச் சொட்டில் கறுக்காவிட்டால் சாயம் ஐதாக இருக்கிறது, இன்னும் வற்ற விடுங்கள். கறுக்கவில்லையே என்று இரும்பு நீரை அள்ளி ஊற்றினால் வினாகிரி கூடிப் புளிப்பு ஏறும். மை மங்கும், நாளடைவில் தாளையும் அரிக்கும். பூசியவுடன் வெளிறித் தெரிந்தால் பதற வேண்டாம், காற்றுப் பட்டுக் காய்கையில் கறுக்கும்.

மலையை வரைதல்

காலைப் பனியில் எதிர்மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். தூரத்து மலை வெளிறியும் கிட்டத்து மலை கறுத்தும் தெரியும், இடையிலுள்ள பனிமூட்டம் அப்படிக் காட்டுகிறது. இதை நாம் சொல்லக்கூடாது, பிள்ளையே பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் கப்பால் தாளின் மேற்பகுதியில் தூரத்து மலை. காய்ந்ததும் இரண்டாம் கப்பால் சற்றுக் கீழே அடுத்த மலை. இப்படியே ஐந்தாம் கப் வரை. காயுமுன் அடுத்ததைப் பூசினால் இரண்டும் கலந்து சேறாகும். தொடக்கத்தில் எல்லாரும் விடும் பிழை இது. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கம் ஈரக்காற்றில் ஒரு பூச்சுக் காயவே அரை மணி நேரம் போகலாம், அதனால் மழைக்காலத்தில் மூன்று மலையோடு நிறுத்துங்கள். மெல்லிய தாள் சுருளும். தடித்த சித்திரத் தாளைப் பலகையில் நாலு மூலையும் ஒட்டிப் பயன்படுத்துங்கள்.

வெள்ளைச் சீருடையில் இந்த மை பட்டால் போவது கடினம். பழைய சட்டையோடு வரச் சொல்லுங்கள்.

சொல் எழுதுதல்

பென்சில் நீளத்துக்கு ஒரு மூங்கில் குச்சியைப் பெரியவர் ஒருவர் சரிவாகச் சீவி, நுனியில் ஒரு சென்ரிமீற்றர் பிளந்து கொடுத்தால் எழுதுகோல். ஐந்தாம் கப் மையால் லயம் (வரிசை வீடுகள்), பீலி (நீர்க்குழாய்), கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை), கோயில், எட்டாம் நம்பர் மலை என்று பிள்ளைக்குத் தெரிந்த இடங்களைப் படத்தில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதட்டும். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், வீட்டுச் சொல்லைத் திருத்தாதீர்கள். 'பீலி'யை அடித்து 'நீர்க்குழாய்' என்று எழுதினால் அந்தப் பிள்ளை அடுத்த வாக்கியத்துக்குத் தயங்கும்.

பனியை வரைய விரும்பினால், காய்ந்த மலைமேல் தேசிக்காய்ச் சாற்றைப் பஞ்சால் ஒற்றலாம். சாறு இரும்பைப் பிரித்துவிடுவதால் கறுப்பு வெளுக்கும். மிச்சச் சாயத்தில் இரண்டு கராம்பு போட்டு வைத்தால் பூஞ்சணம் பிடிக்கப் பிந்தும். ஆனாலும் மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள், புதிதாகக் கொதிக்க வைப்பதே நல்லது.